விண்கலப் போர்விளையாட்டுகளில் அணிநகர்வு விதிகள்: ஒரு வரலாற்று நோக்கு

மாதிரிக் கலங்களை மேசைமீது நகர்த்திக் கடற்போரை ஆராயும் முயற்சி பழமையானது. எடின்பரோ வணிகரான யோன் கிளார்க் எப்போர்க்கப்பலுக்கும் தலைமை தாங்கியவரல்லர். ஆயினும், மரத்தாலான மாதிரிகளைக் கொண்டு அணிகளின் நகர்வை ஆராய்ந்து, 1782 இல் கடற்போர்த் தந்திரம் பற்றிய நூலொன்றை வெளியிட்டார். 1898 இல் பிறெட் ஜேன் கடற்போர் விளையாட்டொன்றை வெளியிட்டார். 1930களில் நியூயோர்க்கில் பிளெச்சர் பிராற் என்பார் மண்டபத் தரையில் மாதிரிக் கப்பல்களை மோதவிட்டார். இவர் அறிவியற் புனைகதை எழுத்தாளருமாவார். பின்னெழுந்த விண்கலப் போர்விளையாட்டுகள் இம்மரபுக்குப் பெரிதும் கடன்பட்டவை.

கடலில் அணி ஏன் வேண்டப்பட்டது? பீரங்கிகள் பெரும்பாலும் கப்பலின் பக்கங்களில் அமைந்தமையால், கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையிற் சென்றபோதே அனைத்தும் ஒருசேரச் சுட முடிந்தது. வரிசை கட்டளையையும் எளிதாக்கியது. முன்செல்லும் கப்பலைப் பின்தொடர்தலே போதுமானது. கட்டளை எட்டாவிடத்து அணி பிளவுபடும். 1916 மே 31 இல் யட்லண்ட் சமரில் பீற்றி திசை மாற்றியபோது, கொடிச் சமிக்ஞை உரிய வேளையில் விளங்காமையால், ஐந்தாம் போர்க்கப்பற் பிரிவு பழைய திசையிலேயே சில நிமிடங்கள் சென்று பின்தங்கிவிட்டது. அன்று மாலையே ஜெலிக்கோ ஆறு நிரல்களில் வந்த 24 போர்க்கப்பல்களை ஒரே வரிசையாக்கினார். அணியின் வலிமையும் நலிவும் ஒரே நாளில் புலப்பட்டன.

விண்வெளியில் இச்சிக்கல் வேறு வடிவம் பெறுகிறது. 1973 இல் வெளிவந்த றைபிளனற்றறி என்னும் பலகை விளையாட்டில், எரிபொருள் செலவிடாத கலம் முன்னைய முறையிற் கடந்த தூரத்தை அதே திசையில் மீண்டும் கடக்கும். சடத்துவ விதியின் நேரடிப் பயன்பாடு இது. ஒரே வேகமுடைய கலங்கள் வெறுவெளியில் எரிபொருட் செலவின்றியே அணி காக்கும். ஆனால், கட்டளை தவறிய கலம் ஒவ்வொரு முறையிலும் மேலும் விலகிச் செல்லும். கடலிற் பின்தங்கிய கப்பல் விரைந்து வந்து சேர்ந்தபின், நீரின் தடையே அதன் கதியைக் குறைக்க உதவும். விண்கலமோ நெருங்குவதற்கு ஒருமுறையும் நெருங்கியபின் கதியைத் தணிப்பதற்கு மறுமுறையும் உந்தவேண்டும். மேலும், அணி முழுவதும் மாறக்கூடிய அளவை அதன் மிக வலுக்குன்றிய கலமே தீர்மானிக்கும்.

விதியாக்குநர் இதனை இருவகையில் அணுகினர். 1992 இல் இரண்டாம் பதிப்புக் கண்ட புல் திறஸ்ற் விளையாட்டில், ஒவ்வொரு கலத்துக்குமுரிய கட்டளையை ஆடுவோர் மறைவாக எழுதிய பின்னரே யாவும் ஒருங்கு நகரும். அங்கே அணி என்பது ஆடுபவரின் முன்யோசனையன்றி வேறன்று. 1999 இல் வெளிவந்த பற்றில்பிளீற் கொதிக் விளையாட்டிலோ கலப்பிரிவு முழுவதற்கும் சிறப்புக் கட்டளை ஒரே தாயச் சோதனையால் தீர்மானிக்கப்படுகிறது. முன்னையது பிழையை ஆடுபவரின் கைக்கு விடுகிறது. பின்னையது அதனைத் தாயத்துக்கு விடுகிறது.

பல கலங்களை ஒரே காயாக நகர்த்தும் விதி காலத்தை மிச்சப்படுத்தும் என்பதில் ஐயமில்லை. எனினும், கட்டளை தவறாது நிறைவேறும் என அது முன்கூட்டியே கொள்கிறது. யட்லண்ட் சமர் அத்தகைய உறுதியை எவருக்கும் அளிக்கவில்லை. அணிநகர்வு விதியின் தரத்தை, அது கலங்களை எவ்வளவு ஒழுங்காக நகர்த்துகிறது என்பதைவிட, ஒழுங்கு குலைவதற்கு எவ்வளவு இடமளிக்கிறது என்பதைக் கொண்டே மதிப்பிடுதல் தகும்.