சொல்தா வீட்டுச் சவரப் பெட்டி

அரசலாற்றங்கரை: காரைக்கால் சரித்திரத் தொடர் – 27

1954-ஆம் ஆண்டு அக்டோபர் 18-ஆம் தேதி இந்தியாவோடு இணைவது பற்றிக் கீழூரில் நடந்த வாக்கெடுப்போடு சென்ற வாரம் நிறுத்தி, காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய காட்சியை இந்த வாரம் எழுதுவதாக வாக்களித்திருந்தேன். அந்த நாளைக் கண்ணால் கண்டவர்கள் வீட்டில் பழைய கடிதமோ புகைப்படமோ அகப்படாதா என்ற ஆசையோடு ஊருக்குள் விசாரித்துக்கொண்டே போய், கடைசியில் மாதா கோயிலுக்குச் சற்றுத் தள்ளியிருக்கும் ஒரு சொல்தா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தேன். சொல்தாக்கள் யார், பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோன் வரையில் போய்ப் பென்ஷனோடு திரும்பிய அவர்கள் கதை என்ன என்பதெல்லாம் முந்தைய அத்தியாயங்களில் வந்துவிட்டபடியால் இங்கே திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வீட்டில் கடிதம் கிடைக்கவில்லை. தகரத்தின்மேல் தோல் ஒட்டிய, உள்ளங்கையளவான ஒரு சிறு பெட்டி கிடைத்தது.

"பாத்து எடுங்க ஐயா, மூடி கழண்டு கெடக்கு. எங்க மாமனாரு சைகோன்லேருந்து கொண்டாந்தது. பென்ஷன் வாங்கப் போற அன்னிக்கி இதாலதான் செரைச்சிக்குவாரு" என்றார் அந்த வீட்டுப் பாட்டியம்மாள்.

திறந்தேன். உள்ளே, நைந்துபோன ஊதாநிற வெல்வெட்டுத் துணியின்மீது, வெள்ளிப் பூச்சுப் பாதி போய்ப் பித்தளை தெரிகிற, மூன்று துண்டாகக் கழற்றக்கூடிய ஒரு கில்லெட் ரேசர் கிடந்தது. பதினெட்டு வருஷங்களாக இப்படிப்பட்ட பழைய ரேசர்களைத் தேடிச் சேர்த்து, துலக்கி, செப்பனிட்டு வருகிறவன் நான். கொடி இறங்கிய கதையை ஒரு வாரம் பொறுத்திருக்கச் சொல்லும் உரிமையை வாசகர்கள் எனக்கு அளிக்க வேண்டும்.

தன் முகத்தைத் தானே மழித்துக்கொள்வது என்பது நம் நாட்டில் நேற்று வரையில் இல்லாத வழக்கம். வாரத்துக்கொரு முறை அடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நாவிதர் வருவார்; அமாவாசை, செவ்வாய், விரத தினம், மனைவி கர்ப்பமாயிருக்கும் காலம் என்று க்ஷவரத்துக்கு ஆகாத நாட்களைப் பஞ்சாங்கமும் வழக்கமும் விலக்கிவைக்கும்; கூலி, அறுவடைக் களத்தில் நெல்லாக அளக்கப்படும். கட்டி கீறவும் காயத்துக்குக் கட்டுப்போடவும் தெரிந்த அந்தக் கைகளுக்கு உரியவரை மருத்துவர் என்று அழைத்த ஊரே அவரைக் கொல்லைப்புற வழியாக வரச்சொன்னது என்பதை எப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு பொறுப்பதில்லை. அதைவிடக் கொடிய விஷயம் ஒன்றுண்டு. சேரியில் பிறந்தவனுக்குச் சவரம் செய்யலாகாது என்று அந்த நாவிதரையே ஊர்ப் பெரியதனக்காரர்கள் கட்டுப்படுத்தி வைத்திருந்தார்கள். சலூன்கள் வந்த பிறகும் அந்தக் கட்டுப்பாடு எத்தனையோ கிராமங்களில் ஒழியவில்லை. இந்தச் சரித்திரத்தில் வில்லன் யாரென்று என்னைக் கேட்டால், கிளைவையும் சொல்லமாட்டேன், லாலியையும் சொல்லமாட்டேன். அந்தப் பெரியதனக்காரர்களைத்தான் சொல்வேன்.

1881 செப்டம்பர் 21-ஆம் தேதிச் சட்டப்படி, ஜாதி வழக்கத்தையும் தனிச்சட்டத்தையும் துறப்பதாகக் கையெழுத்திட்டு, குடும்பப் பெயர் ஒன்றையும் ஏற்று, பிரெஞ்சுச் சட்டத்தின் கீழ்ப் போனவர்களில் ஒடுக்கப்பட்டவர்கள் அநேகர் இருந்தார்கள். கையெழுத்துப் போட்டவனுக்குக் காகிதத்தில் சமத்துவம் கிடைத்தது. கன்னத்தில் வளர்ந்த ரோமத்தை எடுக்க யாரிடம் போவது என்ற கேள்விக்கு அந்தக் காகிதத்தில் பதில் இல்லை. பட்டாளத்திலோ தினந்தோறும் முகம் மழித்து நிற்க வேண்டும். யாருடைய தயவையும் எதிர்பாராமல், இரண்டு நிமிஷத்தில், கீறாமல், நடுங்கும் கைக்கும் பணியக்கூடிய ஒரு கருவி அப்படிப்பட்ட மனிதனுக்கு எப்படித் தோன்றியிருக்கும் என்பதை ஊகித்துப் பாருங்கள்.

அந்தக் கருவியின் பூர்வோத்திரமும் பிரான்சிலேதான் தொடங்குகிறது. 1760-ல் ஆங்கிலேயரிடம் போன காரைக்கால் 1765-ல் பிரெஞ்சுக்காரரிடம் திரும்பி வந்து நான்கு வருஷம் ஆவதற்குள், பாரிஸில் ழான் ழாக் பெர்ரே என்ற கத்தி செய்யும் தொழிலாளி, தச்சனுடைய இழைப்புளியில் உளி வெளியே நீளாமல் கட்டை தடுத்து நிற்பதைக் கண்டு, சவரக்கத்திக்கும் அவ்விதமே ஒரு மரக்காப்பு மாட்டலாமென்று யோசித்து, தனக்குத்தானே சவரம் செய்துகொள்ளும் கலையைப் பற்றி 1769-ல் ஒரு புத்தகமே எழுதினார். ஆனால் அந்தக் கத்தியைத் தோல்பட்டையில் தீட்டும் தொல்லை தீரவில்லை. 1880-ல் நியூயார்க்கில் காம்ஃபே சகோதரர்கள் செய்த 'ஸ்டார்' ரேசருக்கும் அதே கதிதான்.

இனி கிங் காம்ப் கில்லெட். 1855-ல் பிறந்த இவர் சோடா பாட்டில் மூடி செய்யும் கம்பெனியின் விற்பனையாளராக இருந்தபோது, அந்த மூடியைக் கண்டுபிடித்த வில்லியம் பெயின்டர், ஒரு முறை உபயோகித்து எறிந்துவிடும்படியான பொருள் ஒன்றைக் கண்டுபிடி என்று இவருக்கு உபதேசித்தார். 1895-ஆம் ஆண்டு ஒரு காலையில், மழுங்கிய கத்தியோடு கண்ணாடி முன் நின்றவருக்கு மெல்லிய தகட்டு பிளேடு மனத்தில் உதித்தது. முந்தின வருஷந்தான் இதே மனிதர், போட்டி வியாபாரம் சகல தீமைகளுக்கும் மூலம் என்றும், நயாகரா நீர்வீழ்ச்சியின் சக்தியைக் கொண்டு நடக்கும் ஒரே மகாநகரத்தில் அமெரிக்கர்கள் அனைவரும் குடியேற வேண்டும் என்றும் ஒரு புத்தகம் எழுதியிருந்தார்! கனவு காண்பதில் அவருக்கு இணையில்லை. அந்தக் கனவை எஃகில் வடித்தவர் வேறொருவர்.

அவர் பெயர் வில்லியம் எமரி நிக்கர்ஸன். மாசச்சூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் படித்த எஞ்சினியர். தகடுபோல மெலிந்த எஃகைப் பழுக்கக் காய்ச்சிக் கெட்டிப்படுத்தினால் அது நெளிந்து முறுக்கிக்கொள்ளும். கில்லெட் போய்க் கேட்ட நிபுணர்கள் எல்லோரும் நடவாத காரியம் என்று கைவிரித்தார்கள். நெளியாமல் கெட்டிப்படுத்தும் முறையையும், இரண்டு விளிம்புகளையும் இயந்திரத்தால் தீட்டும் முறையையும் நிக்கர்ஸன் கண்டார். வளைந்த மேல்தட்டின் கீழே வைத்து இறுக்கும்போது, கையில் எடுத்தால் துவளுகிற பிளேடு வில்லைப்போல் வளைந்து அசையாத கத்தியாகிவிடும் என்பதே இந்த ரேசரின் பிராணன். 1901-ல் கம்பெனி ஏற்பட்டது. 1903-ல் விற்றவை 51 ரேசர்கள், 168 பிளேடுகள். அடுத்த வருஷமே விற்ற ரேசர்கள் 90,884. அதே 1904 நவம்பரில் காப்புரிமையும் கிடைத்தது. அதன் பிறகு உலகமெங்கும் பிளேடு உறையில் அச்சான முகம் கில்லெட்டுடையது. நிக்கர்ஸனின் முகத்தை யார் அறிவார்கள்? இந்த அநியாயத்தைச் சொல்லும் சந்தர்ப்பம் கிடைத்தால் நான் தவறவிடுவதில்லை.

ரேசரை அடிமாட்டு விலைக்குக் கொடுத்துப் பிளேடில் லாபம் அடித்தார் கில்லெட் என்று வியாபாரப் பள்ளிகளில் போதிக்கிறார்களே, அதுவும் சரித்திரத்துக்கு ஒவ்வாது. காப்புரிமை அமலில் இருந்த 1921 வரையில் ரேசரின் விலை ஐந்து டாலர். அந்நாளில் ஒரு தொழிலாளியின் அரை வாரக் கூலிக்கு அது சமானம். உரிமை காலாவதியாகி மற்றவர்களும் செய்யத் தொடங்கிய பிறகே, பழைய வகையை ஒரு டாலருக்கு இறக்கினார்கள். இதற்கிடையில் முதல் மகாயுத்தம் வந்தது. விஷவாயு முகமூடி தோலோடு ஒட்டி நிற்கவேண்டுமானால் தாடி ஆகாது; அமெரிக்க ராணுவம் தன் சிப்பாய்களுக்காக 35 லட்சம் ரேசர்களையும் மூன்று கோடிக்கு மேற்பட்ட பிளேடுகளையும் வாங்கிற்று. தாமே சவரம் செய்துகொள்ளும் பழக்கத்தோடு அவர்கள் வீடு திரும்பினார்கள். 1930-ல் ஹென்றி கெய்ஸ்மனின் கம்பெனியோடு இணையும்போது, கில்லெட் கம்பெனிக் கணக்கில் ஐந்து வருஷ லாபத்தைச் சுமார் 1 கோடியே 20 லட்சம் டாலர் மிகைப்படுத்தி எழுதியிருந்தது அம்பலமாயிற்று. பெயருக்குரியவரோ செல்வத்தின் பெரும்பகுதியை இழந்து 1932-ல் காலமானார்.

பாட்டியம்மாளின் பெட்டிக்கு வருவோம். பிளேடை மாட்டும் தலைத்தட்டில் மூன்று முளைகள். கைப்பிடியின் அடியில் உருண்டைக் குமிழ். ஆகவே இது பழைய வகையைச் சேர்ந்தது. அக்காலத்துப் பிளேடில் மூன்று வட்டத் துளைகள் இருக்கும். 1930-க்குப் பிறகு நடுவில் நீண்ட பிளவு வந்தது. இன்று பெட்டிக்கடையில் வாங்கும் பிளேடும் இந்த மூன்று முளைகளில் சரியாக உட்காரும் என்பது இதன் மகிமை. பழைய ரேசர்களைச் சேர்ப்பவன் முதலில் பார்ப்பது தலையை அன்று, கைப்பிடியை. மெல்லிய பித்தளைக் குழாயால் ஆன அந்தக் கைப்பிடியில் கழுத்திலிருந்து நெடுக்காக ஒரு மயிரிழை விரிசல் ஓடியிருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்க்கவேண்டும். தடவினேன். இருந்தது.

இந்த விரிசலுக்கு நம் நாட்டிலேயே ஒரு பூர்வகதை உண்டு. பிரிட்டிஷ் இந்தியப் பட்டாளத்தில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த துப்பாக்கித் தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள், ஒருவரும் தொடாமலே வெடித்துக் கீறியிருந்தன. குளிர்ந்த நிலையில் இழுத்து நீட்டிய பித்தளைக்குள் ஓர் அழுத்தம் ஒளிந்திருக்கிறது என்றும், குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா ஈரக்காற்றோடு சேர்ந்து அந்த அழுத்தமுள்ள இடத்தை அரித்துப் பிளக்கிறது என்றும் மூர், பெக்கின்ஸேல், மாலின்ஸன் என்ற மூவர் 1921-ல் விளக்கினார்கள். பெட்டியை எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். "மாட்டுக் கொட்டாய ஒட்டினாப்புல ஒரு மாடம் இருந்துச்சி, அதுலதான்" என்றார் பாட்டியம்மாள். ஐம்பது வருஷம் கடற்காற்றும் கொட்டகைக் காற்றும் குடித்த பித்தளை அப்படித்தான் விரிசல் கண்டிருக்கும் என்பது என் ஊகம்.

பதினைந்து நாள் கடன் கேட்டு வாங்கிப் போனேன். வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைத்து, மிருதுவான பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தபோது, எத்தனையோ சவரங்களின் நுரை கல்லாய் உறைந்திருந்தது பற்களின் இடுக்கிலிருந்து உதிர்ந்தது. திருகுப் புரியில் இருந்த பச்சைக் களிம்பை மூங்கில் குச்சியால் எடுத்தேன். பித்தளைப் பாத்திரத்தைப் போலப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கலாமே என்று வீட்டில் சொன்னார்கள். கூடவே கூடாது! மிச்சமிருக்கும் வெள்ளிப் பூச்சு அந்த ஒரு தேய்ப்போடு போய்விடும். புதிதாக முலாம் பூசிப் பளபளக்கச் செய்வதும் என் அபிப்பிராயத்தில் மகா பாதகம். அந்தச் சொல்தாவின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எங்கே பிடித்தனவோ அங்கேதான் வெள்ளி தேய்ந்து பித்தளை தெரிகிறது. அந்தத் தேய்மானத்தை மறைத்தபின் அது யாருடைய ரேசர்?

விரிசலுக்குப் பற்றுவைக்க நெருப்புக் காட்டினாலும் பூச்சு கருகும். ஊர்த் தட்டார் ஒருவரிடம் கொண்டுபோனேன். உள்கூடான நகைகளில் அரக்கு நிரப்புவதுபோல இந்தக் குழாயிலும் நிரப்பிவிட்டால், தண்ணீர் உள்ளே இறங்காது, விரிசலும் அகலாது என்று யோசனை சொல்லி, அப்படியே செய்தும் கொடுத்தார். கொதிக்கிற நீரில் மட்டும் முக்கலாகாது.

வெல்வெட்டை எடுத்து உதறும்போது அடியில் காலியான பிளேடு உறை ஒன்று இருந்தது. மீசை வைத்த கில்லெட்டின் முகம் அதில் மங்காமல் இருந்தது. திருப்பிக் கொடுத்தபோது அதைப் பாட்டியம்மாளிடம் காட்டினேன். சின்ன வயதில் அதைப் பாண்டிச்சேரி கவர்னர் படம் என்றே நினைத்திருந்தாராம். பிளேடு கிடைக்காத யுத்தகாலத்தில் கண்ணாடித் தம்ளரின் உட்புறத்தில் தேய்த்துத் தேய்த்து ஒரே பிளேடை மாதக்கணக்கில் மாமனார் ஓட்டியதாக வீட்டில் பேசிக்கொள்வார்கள் என்றும், கடைசியில் அது பழந்துணியில் தையல் பிரிக்கப் பெண்களிடம் வந்து சேருமாம் என்றும் சொன்னார். பிறகு, நான் கேட்காமலே, வந்த காரியத்துக்கு அவரே வந்தார்.

"கொடி எறக்கின அன்னிக்கி விடியறதுக்கு முன்னாடியே விளக்க ஏத்தி வச்சிக்கிட்டு இதாலதான் செரைச்சிக்கிட்டாரு. கோட்டு, மெடலு எல்லாம் மாட்டிக்கிட்டுத் தெருவுல எறங்கிப் போனாரு. நான் அப்பதான் கல்யாணமாயி வந்த புதுசு."

எந்தக் கொடியைப் பார்க்கப் போனார் என்று கேட்டேன்.

"மாமனார்கிட்ட மருமவ அதெல்லாம் கேக்க முடியுமா, ஐயா?" என்று சொல்லி, பெட்டியை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

அந்தக் காலையிலிருந்து அடுத்த வாரம் தொடங்குகிறேன்.