1934ஆம் ஆண்டுக் கொள்ளைநோயும் நிகழ்தகவுக் கணிதமும்

கண்டியிலிருந்து குருநாகலுக்குச் செல்லும் வீதியில், மலைநாடு தாழ்நிலத்தை நோக்கி இறங்குமிடத்திற் கலகெதர அமைந்துள்ளது. அதன் பின்னே மழைவளம் மிக்க மலைகள். முன்னே, குருநாகலைக் கடந்து வடக்கே செல்லின், உலர்வலயம். 1934ஆம் ஆண்டின் இறுதியில் மூண்ட மலேரியாக் கொள்ளைநோய் இவ்விரு நிலங்களையும் ஒரே வகையாகத் தாக்கவில்லை என்பது ஊன்றி நோக்கற்பாலது.

மலேரியா உலர்வலயத்துக்குரிய நோய் என்பதே பொதுவான எண்ணம். ஆயினும் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்ட அந்நோயின் கொடுமை கேகாலை, குருநாகல் மாவட்டங்களிலும், மகா ஓயா, தெதுறு ஓயா முதலிய ஆறுகளின் கரைகளிலுமே மிக்கிருந்தது. பெருக்கெடுத்தோடும் ஆறு நுளம்பின் முட்டைகளையும் குடம்பிகளையும் அடித்துச் சென்றுவிடும். 1934இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. ஆறுகள் வெயில்படும் தெளிந்த குட்டைகளாயின. நோய்காவும் நுளம்பு விரும்புவது அத்தகைய நீரையே. உலர்வலயத்தார் இடையறாது நோய்ப்பட்டு ஓரளவு எதிர்ப்பாற்றல் பெற்றிருந்தனர். ஆற்றங்கரை மக்களுக்கோ அது இல்லை. வறட்சியால் விளைவும் குன்றியிருந்தமையாற் பசித்த உடல்களையே காய்ச்சல் பற்றியது.

இந்நோயை முதன்முதற் கணிதத்துக்குள் கொணர்ந்தவர் றொனால்ட் றொஸ். 1897இல் செக்கந்தராபாத்தில், நுளம்பின் உடலில் நோய்க்கிருமியைக் கண்டவரும் அவரே. நுளம்பை அறவே ஒழிக்க வேண்டியதில்லை, அதன் தொகையை ஓர் எல்லைக்குக் கீழே இறக்கினாற் போதும், நோய் தானே மறையும் என அவர் தம் கணிப்பினால் நிறுவினார். ஆனால் 1911இல் அவர் வெளியிட்ட சமன்பாடுகளில் நுளம்பின் தொகை மாறாத ஒன்று. மழை அங்கே பெய்வதுமில்லை, பொய்ப்பதுமில்லை.

அக்குறையை நிரப்பும் கணிதம் பிற்காலத்தது. 1970இல் பிராங்க் ஸ்பிற்சர் ஒன்றையொன்று பாதிக்கும் துணிக்கைகளின் நிகழ்தகவு அமைப்புகளை ஆராய்ந்தார். 1974இல் ஹரிஸ் தொற்றுச் செயன்முறை என்னும் மாதிரியை வகுத்தார். அதில் ஒவ்வோர் இடமும் நோயுற்றதாகவோ நலமுற்றதாகவோ இருக்கும். நலமுற்றது நோயுறும் வாய்ப்பு அயலிலுள்ள நோயாளரின் எண்ணிக்கையைப் பொறுத்தது. பின்வந்தோர் இடத்துக்கிடம் வேறுபடும் சூழலையும், காலத்தோடு மாறும் சூழலையும் தற்செயலுக்கு உட்படுத்தி ஆராயலாயினர்.

சூழல் மாறும்போது சராசரி எவ்வளவு ஏமாற்றுகின்றது என்பதை எளிய கணக்கொன்றாற் காட்டலாம். வறண்ட மாதத்தில் நோயாளர் தொகை 4 மடங்காகின்றது, வெள்ள மாதத்தில் 5இல் 1 ஆகக் குறைகின்றது எனக் கொள்வோம். இரண்டின் சராசரி 2.1, நோய் பெருகும் என்றே தோன்றும். ஆனால் அம்மாதங்கள் மாறி மாறி வரின் 100 நோயாளர் இரு மாதங்களில் 80 ஆவர், நோய் தேய்ந்துவிடும். வறண்ட மாதங்கள் மூன்று தொடர்ந்து வரின் 100 பேர் 6,400 ஆவர். ஆண்டுமுழுவதற்குமான மழையளவை மட்டும் நோக்குபவர் காணத் தவறுவது இத்தொடர்ச்சியையே. 1934இல் ஆற்றங்கரை மக்களை வருத்தியதும் இத்தகையதொரு தொடர்ச்சியே எனலாம்.

டிடிடி தெளிப்பின் பயனாக 1963இல் இலங்கையில் நோயாளர் 17 பேராகக் குறைந்தனர். தெளிப்பு நிறுத்தப்பட்டது. அப்பத்தாண்டு முடிவதற்குள் நோய் மீண்டு, 5 இலட்சத்துக்கு மேற்பட்டோரைப் பற்றியது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தபோதும் அந்நுளம்பு அழிந்திருக்கவில்லை. றொஸ் அது அழியவேண்டுமென்று கேட்கவுமில்லை.