பெருநாள் சட்டியில் நெய் ஏறிய வரலாறு

மதீனாவில் ஒரு மூதாட்டி வாழ்ந்தார். நீரோடைக் கரையில் விளைந்த ஸில்க் என்னும் கீரையின் வேர்களைப் பானையிலிட்டு, சிறிது வாற்கோதுமையும் சேர்த்துச் சமைத்து, ஜும்ஆ தொழுதுவிட்டு வருவோருக்குப் பரிமாறுவார். அந்த உணவை எண்ணியே வெள்ளிக்கிழமையின் வருகை தங்களுக்கு மகிழ்ச்சி தந்தது என்று ஸஹ்ல் பின் ஸஅத் (ரலி) அவர்கள் நினைவுகூர்ந்த செய்தியை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். அதில் கொழுப்போ நிணமோ இருந்ததில்லை என்பதையும் அவர்கள் சொல்லாமல் விடவில்லை. வாரத்தின் பெருநாளாகிய ஜும்ஆவின் விருந்து அது.

வசதி இருந்திருந்தால் அவர்களும் நெய் ஊற்றியிருக்கமாட்டார்களா என்று கேட்கலாம். ஊற்றியிருக்கக்கூடும். இறைச்சிச் சாற்றில் ரொட்டியை ஊறவைத்துச் செய்யும் ஸரீத், அக்கால அரபுகள் உயர்வாகப் போற்றிய உணவுதான். கொழுப்பை அந்தத் தலைமுறை வெறுத்தது என்று நாம் வாதிட வரவில்லை. விருந்தின் பெருமை எண்ணெயின் அளவில் இருப்பதாக அவர்கள் கருதவில்லை என்பது ஒன்றே நாம் கவனிக்க வேண்டியது. இன்றோ, வாப்பாவுக்கு இருதய அடைப்பு வந்து மருத்துவர் எச்சரித்த பிறகும், பிரியாணியில் நெய்யைக் குறைக்கலாமா என்று மருமகள் கேட்டால், பரம்பரைப் பக்குவம் கெட்டுவிடும் என்று வீடே எழுந்து நிற்கிறது. அந்தப் பரம்பரையின் வயது என்ன என்பதைச் சற்றுப் பார்ப்போம்.

கொழுப்பு மிகுந்த சமையலுக்குப் பழைய எழுத்துச் சான்றுகள் உண்டு. 1226ஆம் ஆண்டில் முஹம்மது பின் ஹஸன் அல்பக்தாதி தொகுத்த சமையல் நூலில், செம்மறியாட்டு வாலின் கொழுப்பை உருக்கி, சக்கையை எடுத்தெறிந்துவிட்டு, அந்த உருக்கில் இறைச்சியை வதக்குவதே பல உணவுகளின் முதற்படி. அக்பரின் அரண்மனைக்கு வந்தால் அளவே கிடைக்கிறது. அபுல் ஃபஸல் எழுதிய ஆயினே அக்பரியில் ‘ஸர்த் பிரிஞ்ச்’ என்னும் இனிப்பு மஞ்சள் சோற்றுக்கு 10 சேர் அரிசி, 5 சேர் கற்கண்டு, மூன்றரை சேர் நெய் என்று கணக்குச் சொல்லப்படுகிறது. இன்றைய அளவில் சொன்னால், ஒரு கிலோ அரிசிக்கு 350 கிராம் நெய். ஆனால் அதே பட்டியலில் ஹரீஸாவும் உண்டு. 10 சேர் இறைச்சிக்கும் 5 சேர் குத்திய கோதுமைக்கும் அதில் சேர்வது 2 சேர் நெய் மட்டுமே. ஹலீமுக்கு அதைவிடவும் குறைவு. 1 சேர் நெய்யோடு நூல்கோலும் காரட்டும் கீரையும் சேர்கின்றன. இறைச்சி சேராத உணவுகளை ‘ஸூஃபியானா’ என்று தனி வகையாகவே அந்நூல் பிரிக்கிறது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இத்தனை சட்டிகளுக்கும் உரிமையாளரான பேரரசர் ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் உண்பார், வயிறு நிறையுமுன் கையை எடுத்துவிடுவார், இறைச்சியில் அவருக்கு நாட்டம் குறைவு என்றும் அபுல் ஃபஸலே எழுதிவைத்திருக்கிறார்.

ஆக, ஏட்டில் ஏறியவை பெரும்பாலும் அரண்மனை, செல்வர் வீட்டுச் சட்டிகளே. குடிமக்களின் அடுப்பை உட்கார்ந்து எழுதியவர் மிகக் குறைவு. நம் நெய்ச்சோறும் பிரியாணியும் அரண்மனை வழக்கத்தின் சாயலைப் பெற்றவை என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் சாமானியர் வீட்டில் அவை நிக்காஹ், பெருநாள், கந்தூரி என்று விரல்விட்டு எண்ணத்தக்க நாள்களுக்கே உரியனவாக இருந்தன. நெய் விலையுயர்ந்த பொருள். ஆடு அறுப்பதும் அரிது. ஹஜ்ஜுப் பெருநாளில் அறுத்தாலும், வீட்டுக்கு ஒரு பங்கு, உறவினருக்கு ஒரு பங்கு, ஏழைகளுக்கு ஒரு பங்கு என்று பிரிந்துபோகும். எஞ்சியதை உப்புக்கண்டம் போட்டுச் சிறுகச் சிறுகச் செலவிடுவார்கள். வேலியாக நின்றது பக்குவத்தின் நுட்பமன்று, வீட்டின் வரவுசெலவு.

அந்த வேலியை முதலில் தகர்த்தது ஒரு தகர டின். 1937இல் இந்தியச் சந்தைக்கு வந்த டால்டா, நெய்யைப் போலவே உறைந்து, நெய்யைவிடப் பெரிதும் மலிவாகக் கிடைத்தது. தாவர எண்ணெயில் ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தி இறுகச் செய்வதே வனஸ்பதி. நாளடைவில் டால்டா என்ற வணிகப் பெயரே அப்பொருளின் பொதுப்பெயராகிவிட்டது. விருந்துச் சமையலில் நெய் இருந்த இடத்தில் அது தாராளமாகப் புகுந்தது. விலை மலிந்ததால் அளவு கூடியது. அரைகுறையாக ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெயில் உருவாகும் டிரான்ஸ் கொழுப்பு, கெட்ட கொலஸ்ட்ராலை உயர்த்தி நல்லதைக் குறைக்கிறது என்பது வெகுகாலம் கழித்தே நிறுவப்பட்டது. ஆலைகளில் உருவாகும் இக்கொழுப்பை உணவிலிருந்து 2023க்குள் அகற்றுமாறு உலக சுகாதார நிறுவனம் 2018இல் அழைப்பு விடுத்தது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜனவரி முதல் எண்ணெய், கொழுப்புகளில் அதற்கு 2 விழுக்காடு என வரம்பிட்டது. அடுத்து வந்தது குளிர்சாதனப் பெட்டி. குர்பானி இறைச்சி மாதக்கணக்கில் வீட்டிலேயே தங்கலாயிற்று. பிராய்லர் கோழி மலிந்ததும் பெருநாள் உணவு ஞாயிற்றுக்கிழமை உணவாயிற்று.

எனவே, மாமியார் காக்க நினைக்கும் பக்குவத்தில் பாதி பாட்டியுடையது, மீதி டால்டா டின்னுடையது என்பதே நம் கருத்து. முன்னதை வைத்துக்கொண்டு பின்னதை விட்டுவிட முடியும். சுவை பெரிதாகக் கெடாது. பிரியாணியில் எண்ணெயை மிகுதியாகக் குடிப்பது வெங்காயம். அடிகனத்த சட்டியில் சிறிது எண்ணெயும் உப்பும் இட்டு, சிறுதீயில் மூடி வைத்து, அடிபிடிக்கும்போது கைநீர் தெளித்து வதக்கினால் அது பொறுமையாகச் சிவக்கும். நெய்யைத் தொடக்கத்தில் ஊற்றிக் காய்ச்சுவதைவிட, தம் போடும் நேரத்தில் ஒன்றிரண்டு கரண்டி மேலே விட்டால் மணம் எடுப்பாக நிற்கும். கறியை முதல்நாளே வேகவைத்துக் குளிரவைத்தால் கொழுப்பு வெள்ளை ஏடாக மேலே உறையும். அதை வழித்தெடுத்துவிட்டுச் சாற்றை மட்டும் சோற்றுக்குப் பயன்படுத்தலாம். சேமியாவை நெய்யில் பொரிக்காமல் வெறும் வாணலியில் வறுத்தாலும் பாயசத்தில் குழையாமல் நிற்கும். ஆனால் எண்ணெயே இல்லாத பிரியாணி என்று இப்போது சிலர் பரப்பும் பண்டத்தை நாம் பரிந்துரைக்கவில்லை. அதை உண்பதைவிட நல்ல பிரியாணியில் அரைத்தட்டு உண்பது மேல்.

நோன்புக் கஞ்சியைத் திருத்த வேண்டிய தேவையே பெரிதாக இல்லை. அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, கைப்பிடிக் கொத்துக்கறி என்று அது ஹரீஸாவுக்கு உறவுபோல் நிற்கும் எளிய உணவு. தேங்காயின் முதற்பாலுக்குப் பதில் இரண்டாம் பாலை ஊற்றினால் போதும். கெடுப்பது அதன் பக்கத்துத் தட்டில் குவியும் சமோசாவும் வடையும் பஜ்ஜியும்தான். முப்பது நாள் நோன்பிருந்தும் எடை கூடிப் பெருநாள் சட்டை இறுகுவதன் காரணத்தை அந்தத் தட்டில் தேடலாம். வட்டலப்பத்தை மட்டும் நாம் தொட விரும்பவில்லை. முட்டையும் கருப்பட்டியும் தேங்காயின் கெட்டிப்பாலும் சேர்ந்து இறுகுவதே அதன் உயிர்; பாலை நீர்க்கச் செய்தால் அது வேறு பண்டமாகிவிடும். அதைச் சிறு கிண்ணங்களில் அவித்து, ஆளுக்கொன்று என்று பெருநாள் காலையில் கொடுத்துவிடலாம்.