அழுத்தத்தின் அளவுகோல்: 660 கிலோமீட்டர் எல்லை குறித்த ஒரு விவாதத்தின் முன்வரலாறு

புவியின் கவசத்தில் 660 கிலோமீட்டர் ஆழத்தில் நிலநடுக்க அலைகளின் வேகம் சட்டென்று கூடுகிறது. ரிங்வுடைட் என்னும் கனிமம் அங்கே சிதைந்து பிரிட்ஜ்மனைட்டாகவும் பெரிகிளேஸாகவும் மாறுவதே காரணம் என்பது நெடுநாள் விளக்கம். 1989இல் ஈட்டோவும் தக்காஹாஷியும் அழுத்திக் குளிர்வித்து எடுத்த மாதிரிகள் இதற்கு ஒத்துவந்தன. 1998இல் இரிஃபுனே குழு ஜப்பானின் ஸ்பிரிங்-8 சின்க்ரோட்ரானில், மாதிரி அழுத்தத்தில் இருக்கும்போதே எக்ஸ் கதிர் பாய்ச்சிப் பார்த்தது. 1600 பாகை செல்சியஸில் மாற்றம் சுமார் 21 கிகாபாஸ்கலிலேயே நிகழ்ந்தது. 660 கிலோமீட்டரில் நிலவும் அழுத்தமோ 23.5 அளவில். இந்தக் கணக்கை நம்பினால் எல்லை 600 கிலோமீட்டரில் இருந்திருக்க வேண்டும். பிழை கனிமவியலில் அல்ல, பெரும்பாலும் அளவுகோலில்தான் என்பது என் வாதம். அந்த நோய் பழையது.

ஹார்வர்டில் பெர்சி பிரிட்ஜ்மன் உள்ளழுத்தம் கூடக்கூடத் தானே இறுகும் அடைப்பை வகுத்து, 10 கிகாபாஸ்கல் வரை எட்டினார். 1946இல் நோபல் பரிசும் பெற்றார். விசையைப் பரப்பால் வகுத்தால் அழுத்தம் கிடைக்கும் என்பது பள்ளிப் பாடம். ஆனால் இரு பட்டடைகளுக்கு நடுவே, பைரோஃபில்லைட் வளையத்துக்குள், வெள்ளிக் குளோரைடில் பொதிந்த மெல்லிய உலோகப் பட்டையை நசுக்கும்போது, விசையில் எவ்வளவு வளையத்தோடு நின்றுவிடுகிறது என்று யார் சொல்வது? பேரியத்தின் ஒரே நிலைமாற்றத்துக்குப் பிரிட்ஜ்மனின் கனஅளவுச் சோதனை 60,000 வளிமண்டலத்தை ஒட்டியும், மின்தடைச் சோதனை 80,000ஐ ஒட்டியும் விடை தந்தன. 1960களில் திருத்தப்பட்டது பின்னதுதான். அதன்பின் பிஸ்மத், பேரியம் போன்றவற்றின் நிலைமாற்றங்களே மைல்கற்களாயின.

1950களின் இறுதியில் வாஷிங்டனின் தேசியத் தரநிர்ணய அலுவலகத்தில் வைரப் பட்டடைக் கலம் பிறந்தது. அதே நிறுவனத்தில் 1972இல் ஃபோர்மனும் சகாக்களும் மாதிரியோடு ஒரு துளி மாணிக்கத்தையும் உள்ளே வைத்தனர். லேசர் பட்டதும் அது 694 நானோமீட்டரில் சிவப்பாக ஒளிரும்; கிகாபாஸ்கலுக்குச் சுமார் 0.365 நானோமீட்டர் வீதம் அந்தக் கோடு நகரும். எளிமை காரணமாக உலகமே இதை ஏற்றது. ஆனால் மாணிக்கமும் இரவல் கோல்தான். 1975இல் அதை உப்பின் நிலைச் சமன்பாட்டோடு ஒப்பிட்டார்கள். 1978இல் மாவோவும் பெல்லும் செம்பு, மாலிப்டினம் முதலிய உலோகங்களின் அதிர்ச்சி அலைத் தரவோடு ஒப்பிட்டு 100 கிகாபாஸ்கல் வரை நீட்டினார்கள். அதிர்ச்சி அலையில் வேகங்களை அளந்தாலே அழுத்தம் நேரடியாகக் கிடைத்துவிடும். ஆனால் அலை உலோகத்தைச் சூடாக்கியும் விடுகிறது. அந்த வெப்பத்தின் பங்கைக் கழிக்க ஓர் அனுமானம் தேவை. பின்வந்த கருத்து வேறுபாடுகளில் பல அங்கிருந்தே கிளைத்தன.

கவசத்தின் வெப்பநிலையில் மாணிக்கத்தின் கோடு அகன்று மங்கிவிடும். ஆகவே இரிஃபுனே குழு தங்கத்தை நம்பியது: அதன் படிகச் செல் எவ்வளவு சுருங்கியது என்று அளந்து, 1989இல் ஆண்டர்சன் முதலியோர் தந்த சமன்பாட்டில் இட்டு அழுத்தத்தைக் கணித்தது. 2001இல் ஷிம் குழு பிளாட்டினத்தைக் கோலாகக் கொண்டபோது எல்லை 660க்கே திரும்பியது. 2003இல் சுச்சியா தங்கத்துக்குக் கோட்பாட்டு வழியில் வகுத்த சமன்பாடு, அதே சுருக்கத்துக்கு ஏறத்தாழ 1 கிகாபாஸ்கல் கூடுதலாகக் காட்டியது. 2004இல் ஃபெய் குழு மக்னீசியம் ஆக்சைடைப் பயன்படுத்தியதில் இடைவெளி பெரிதும் குறுகியது, முழுதாக மூடவில்லை. மீதியில் ஒரு பங்கு, வெப்பநிலையை அளக்கும் வெப்பமின்னிரட்டைக்கும் உரியது. அழுத்தத்தில் அதன் மின்னழுத்தமும் சற்றே மாறும். பலர் அதைத் திருத்துவதில்லை.

கோலாகக் கொண்ட பொருளின் படிகச் செல்லின் கனஅளவும் கட்டுரையில் அச்சாகியிருந்தால், அளவுகோல் மாறும்போது சோதனையை மீண்டும் நடத்தாமல் கணக்கை மட்டும் திருத்திக்கொள்ளலாம். எந்தக் கோல் என்று சொல்லாமல் கிகாபாஸ்கலை மட்டும் தரும் பழைய அட்டவணைகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை.