பரிசிலும் ஊதியமும்

கணினி விளையாட்டையே பிழைப்பாகக் கொள்ள இயலுமா என்று மாணவர்கள் நம்மிடம் வினவுவதுண்டு. ஆம், இல்லை என ஒரு சொல்லில் விடை கூறுவதினும், அத்தொழில் முதன்முதலில் ஆழ வேரூன்றிய தென்கொரியாவின் வரலாற்றை நோக்குவதே தக்கது எனக் கருதுகிறோம்.

சங்கப் பாணர் புரவலரை நாடிப் பரிசில் பெற்றனர். பெறாத நாளில் பசித்திருந்தனர். தொடக்ககாலக் கணினி ஆட்டக்காரரும் பரிசிலரே. 1972-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நடந்த 'ஸ்பேஸ்வார்' போட்டிக்குப் பரிசு, 'ரோலிங் ஸ்டோன்' இதழின் ஓராண்டுச் சந்தா. 1997-இல் 'குவேக்' போட்டியில் வென்ற டென்னிஸ் ஃபாங், அவ்வாட்டத்தை உருவாக்கியோருள் ஒருவரான ஜான் கார்மாக்கின் ஃபெராரி மகிழுந்தையே பெற்றார். சந்தாவாயினும் மகிழுந்தாயினும் பரிசில் பரிசிலே. அது மாதந்தோறும் வாராது.

ஊதியம் என்னும் நிலை கொரியாவில் உருப்பெற்றது. 1997-இன் இறுதியில் அந்நாடு நிதி நெருக்கடியில் வீழ்ந்து, பன்னாட்டு நிதியத்தின் கடனை ஏற்றது. வேலையிழந்தோர் பலர் கையிலிருந்த தொகையைக் கொண்டு 'பிசி பாங்' எனப்படும் கணினி நிலையங்களைத் திறந்தனர். இளைஞர்கள் சிறு கட்டணம் செலுத்தி அங்கே பொழுது கழித்தனர். 1998 மார்ச்சில் வெளியான 'ஸ்டார்கிராஃப்ட்' அந்நிலையங்களை நிறைத்தது. 2000-இல் கொரிய இ-ஸ்போர்ட்ஸ் சங்கம் அரசின் ஒப்புதலுடன் தோன்றியது. அதே ஆண்டில் ஆட்டங்களுக்கென்றே 'ஆன்கேம்நெட்' தொலைக்காட்சியும் தொடங்கியது. பார்வையாளர் பெருகவே விளம்பரம் வந்தது. விளம்பரத்தைத் தொடர்ந்து பெருநிறுவனங்கள் வந்தன.

அக்காலத்தின் பெருவிண்மீன் லிம் யோ-ஹ்வான். 2001, 2002 ஆகிய ஈராண்டுகளிலும் உலக சைபர் விளையாட்டுப் போட்டியில் வென்றவர். 2004-இல் எஸ்.கே. டெலிகாம் நிறுவனம் அவரை மையமாகக் கொண்டு ஓர் அணியை அமைத்தது. அவ்வாண்டுக் கோடையில் பூசான் நகரின் குவாங்கல்லி கடற்கரையில் நடந்த அணிப்போட்டியின் இறுதியாட்டத்தை நூறாயிரம் பேர் கண்டனர் என அறிவிக்கப்பட்டது. கட்டாயப் படைப்பணி ஆட்டக்காரரின் வாழ்வை இடையில் முறித்தமையால், 2007-இல் வான்படையே ஓர் அணியைத் தோற்றுவித்தது. புரவலர் மாறினரேயன்றிப் புரவலர் தேவை மாறவில்லை என்பதை இங்கே நாம் கருத்தில் கொள்ளவேண்டும்.

விண்மீன்களின் ஒளியில் நாம் காணத் தவறுவது, அணி விடுதிகளில் வாழ்ந்த பயிற்சி ஆட்டக்காரரை. உணவும் உறையுளும் கிட்டின, நாள் முழுதும் பயிற்சியும் இருந்தது, ஊதியமோ சிலருக்கே. 2010-இல் பணத்திற்காகத் தோற்றுக்கொடுத்த சூதாட்ட ஊழல் வெளிப்பட்டு, 11 ஆட்டக்காரர்கள் நிரந்தரமாக விலக்கப்பட்டனர். அவருள் முன்னாள் வெற்றியாளரும் இருந்தமையால், வறுமையை மட்டும் காரணமாக்குதல் பொருந்தாது. எனினும் வாழ்வுறுதியற்ற இளைஞரைச் சூதர் எளிதில் அணுகினர் என்பதை மறுப்பதற்கில்லை.

மற்றொன்றும் உண்டு. சதுரங்கத்திற்கும் சிலம்பத்திற்கும் உரிமையாளர் இல்லை. ஸ்டார்கிராஃப்டுக்கோ பிளிசார்டு நிறுவனம் உரிமையாளர். ஒளிபரப்பு உரிமை யாருடையது என்று அந்நிறுவனமும் கொரியச் சங்கமும் பூசலிட்டு, 2011-இல்தான் உடன்பாடு கண்டன. 2012-இன் தொடக்கத்தில் எம்.பி.சி. கேம் அலைவரிசை மூடப்பட்டு, இசை அலைவரிசையாயிற்று. வான்படை அணியும் அவ்வாண்டே கலைந்தது. 2016-இல் அணிப்போட்டியே நின்றுபோயிற்று. பத்தாண்டுகள் பழகிய விரல்களின் திறன், ஆட்டம் வழக்கொழிந்தபோது தானும் விலையிழந்தது. லிம் பயிற்றுநராகி, பின்னர்ச் சீட்டாட்டத் தொழிலுக்குச் சென்றார்.

தொழில் அழியவில்லை, வேறோர் ஆட்டத்திற்குப் பெயர்ந்தது. 'ஃபேக்கர்' எனப்படும் லீ சாங்-ஹியோக் 2013 முதல் 2025 வரை 'லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ்' உலகப் பட்டத்தை ஆறுமுறை வென்றார். 2023-இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் அவ்வணி பெற்ற தங்கம், அவருக்குப் படைப்பணி விலக்கும் ஈட்டித் தந்தது. முன்னோர் இளமையை இழந்து நின்ற இடத்தில் அவருக்கு வழி திறந்தது.

ஆகவே மாணவர்க்கு நாம் சொல்வது இதுவே: பொருளீட்ட இயலும். ஆனால் பரிசுத்தொகையைக் கண்டு மயங்காதீர். ஒப்பந்தத்தில் மாத ஊதியம் உண்டா எனப் பாருங்கள். ஆடுகளம் பிறர் உடைமை என்பதால், அது மூடப்படும் நாளுக்கென ஒரு கல்வியையும் கைக்கொள்ளுங்கள்.