நாகர்கோவிலில் ஒளிந்து வாழ்ந்த முதல் கதாநாயகி

மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' எடுத்த ஜே.சி. டேனியல் நம் அகஸ்தீஸ்வரத்துக்காரர் என்று பெருமையாகச் சொல்கிறோம். அதில் கதாநாயகியாக நடித்த பி.கே. ரோஸியும் நம் நாகர்கோவிலில்தான் வாழ்ந்தார். அதை ஏன் சொல்வதில்லை?

ரோஸி புலையர் சமூகத்தில் பிறந்தவர். தமிழும் மலையாளமும் கலந்து பேசி நடிக்கும் காக்காரிசி நாடகக் கலைஞர். அந்த மௌனப்படத்தில் அவருக்குச் சரோஜினி என்ற நாயர் பெண் வேடம். திருவனந்தபுரம் கேபிட்டல் தியேட்டரில் நடந்த முதல் காட்சியில், புலையப் பெண் நாயர் பெண்ணாகத் தோன்றியதைப் பொறுக்காத ஆதிக்க சாதியினர் திரையில் கல்லெறிந்தார்கள். அவர் வீட்டுக்கும் தீ வைத்தார்கள். ரோஸி ஒரு லாரியில் ஏறித் தப்பினார். நாகர்கோவிலில் லாரி ஓட்டுநர் கேசவ பிள்ளையை மணந்து ராஜம்மாள் ஆனார். பிறகு சினிமாவில் நடிக்கவேயில்லை.

திரையில் நாயர் பெண்ணாக வந்ததற்காக விரட்டப்பட்டவர், உயிரோடிருக்க அந்த வேடத்தையே வாழ்நாள் முழுவதும் போட வேண்டியிருந்தது. சாதி அவரைத் தண்டித்தது இப்படித்தான்.

படத்தால் சொத்தை இழந்த டேனியலும் 1975இல் வறுமையில்தான் இறந்தார். ஆனால் அவர் பெயரில் 1992 முதல் கேரள அரசு விருது தருகிறது. ரோஸியின் பெயரோ பல பத்தாண்டுகள் புதைந்து கிடந்தது. 2013இல் 'செல்லுலாய்டு' படம் அவர் கதையைப் பரவலாகக் கொண்டுசேர்த்தது. 2023 பிப்ரவரி 10 அன்று கூகுள் தன் முகப்பில் அவரை வரைந்தது. நீலம் பண்பாட்டு மையம் அவர் பெயரில் திரைப்பட விழா நடத்துகிறது.

உலகம் நினைவுகூரும் ஒருவரை, அவர் அடைக்கலம் தேடி வந்த மண் மறக்கலாமா? இனி நம் மாவட்டத்தில் டேனியல் பெயரைச் சொல்லும் ஒவ்வொரு மேடையிலும் ரோஸியின் பெயரையும் சேர்த்தே சொல்வோம். ராஜம்மாள் என்றல்ல, ரோஸி என்றே.