வீட்டிலிருந்தே ஹாட் சீட்

டிவி வினாடி வினாவை வீடியோ கேமாக மாற்றுவது சுலபம் என்றுதான் தோன்றும். கேள்வி இருக்கு, நாலு விடை இருக்கு, ஏறுவதற்கு 15 படி இருக்கு. ஏற்கெனவே அது விளையாட்டுதானே? ஆனால் கொஞ்சம் தோண்டிப் பார்த்தபோது என்னை இழுத்தது வேறொரு கேள்வி. வீட்டில் உட்கார்ந்து விளையாடுகிறவர் எதைப் பணயம் வைக்கிறார்?

1998 செப்டம்பர் 4 அன்று பிரிட்டனின் ஐடிவியில் கிறிஸ் டாரன்ட் நடத்த 'ஹூ வான்ட்ஸ் டு பி எ மில்லியனர்' ஆரம்பமானது. அடுத்த ஆகஸ்டில் ரீஜிஸ் ஃபில்பின் அதை அமெரிக்காவில் நடத்தினார். 1999 முடிவதற்குள் அங்கே கணினி விளையாட்டு சிடியும் வந்துவிட்டது. செய்தவர்கள் ஜெல்லிவிஷன், வெளியிட்டது டிஸ்னி. ஜெல்லிவிஷன் இதற்குப் புதுசு இல்லை. 1995-லேயே 'யூ டோன்ட் நோ ஜாக்' என்ற நக்கலான வினாடி வினா கேமைச் செய்தவர்கள். பிரிட்டனுக்கான கேமை 2000-ல் ஐடோஸ் கொண்டுவந்தது.

அவர்களுக்கு இருந்த உண்மையான சிக்கல் பயம். டிவியில் ஒருத்தர் தப்பாகச் சொன்னால் லட்சக்கணக்கில் போகும். வீட்டில் தப்பாகச் சொன்னால் மறுபடி முதல் கேள்விக்குப் போகலாம், அவ்வளவுதான். பணத்தை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? குரலும் இசையும்தான். அதனால் ரீஜிஸின் சொந்தக் குரலையே பதிவு செய்து போட்டார்கள். கீத் ஸ்ட்ராச்சன், மேத்யூ ஸ்ட்ராச்சன் என்ற அப்பா-மகன் போட்ட அந்த நெஞ்சு படபடக்கிற இசையும் கூடவே வந்தது. என் பெரியப்பா பையனின் கம்ப்யூட்டரில் இதை ஆடியிருக்கிறேன். இசை கேட்டதும் கை வேர்க்கும். கேள்வியோ பேஸ்பால் பற்றி இருக்கும். நாலாவது படியைத் தாண்டியதாக ஞாபகம் இல்லை.

நம்ம ஊருக்கு நிகழ்ச்சி சீக்கிரமே வந்தது. 2000 ஜூலை 3-ல் ஸ்டார் பிளஸில் அமிதாப் பச்சன் நடத்திய 'கௌன் பனேகா க்ரோர்பதி' தொடங்கியது. பிறகு தமிழில் சன் டிவியில் சரத்குமாரின் 'கோடீஸ்வரன்'. வீரபாண்டியில் அப்போது கம்ப்யூட்டர் இருந்த வீடுகளை விரல்விட்டு எண்ணலாம். எங்களுக்கு வீடியோ கேம் என்றால் கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாக் கடைகளில் விற்ற, கல் விழ விழ அடுக்குகிற கையடக்கப் பொம்மைதான். கோடீஸ்வரன் கேள்விகளைத் திண்ணையில் கத்தித்தான் விளையாடினோம். செலவே இல்லாத கேம்!

அந்தத் திண்ணைப் பழக்கத்துக்கு விலை வைத்தது செல்போன். 2007 ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஷாருக் கான் நடத்திய கேபிசியின் மூன்றாம் பருவத்தில் 'ஹர் சீட் ஹாட் சீட்' என்றொரு போட்டி. திரையில் ஒரு கேள்வி, நாலு விடை. பார்ப்பவர் எஸ்எம்எஸ் அனுப்பணும். சரியாகச் சொன்னவர்களில் ஒருவரைக் குலுக்கலில் எடுத்து 2 லட்சம் தருவார்கள். ஒரு எஸ்எம்எஸ் 2 ரூபாய் 40 காசு. ஒரு நுகர்வோர் அமைப்பு வழக்குப் போட, தேசிய நுகர்வோர் ஆணையம் கணக்குப் பார்த்தது. ஏறத்தாழ 5.8 கோடி எஸ்எம்எஸ், அதாவது 13.92 கோடி ரூபாய். 52 நிகழ்ச்சிகளுக்கும் கொடுத்த பரிசு 1.04 கோடி. 2008-ல் ஆணையம் ஸ்டார் இந்தியாவுக்கும் ஏர்டெல்லுக்கும் சேர்த்து 1 கோடி ரூபாய் தண்டத் தொகை விதித்தது. 2019-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. எஸ்எம்எஸ் வருமானத்திலிருந்துதான் பரிசு கொடுக்கப்பட்டது என்பதற்கு ஆதாரம் இல்லை என்பது காரணம். சட்டப்படி அது முடிந்த கதை. எனக்கு மட்டும் அந்த 2 ரூபாய் 40 காசு மனசில் நிற்கிறது. சிடியில் இல்லாத பணயம் அதில் இருந்தது. ஆனால் விடை தெரிந்தாலும் போதாது, குலுக்கலிலும் விழணும். ஏணி ஏறுகிற விளையாட்டு இல்லை அது, கிட்டத்தட்ட லாட்டரிச் சீட்டு. தமிழ்நாட்டில் லாட்டரியை 2003-லேயே தடை செய்தாச்சு என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

2017-ல் கேபிசி ஒன்பதாம் பருவத்தில் ஜியோசாட் செயலி வழியாக, ஹாட் சீட்டில் இருப்பவரோடு சேர்ந்து அதே கேள்விக்கு அதே நேரத்தில் விடை சொல்லும் வசதி வந்தது. சிடி செய்ய நினைத்ததற்கு ரொம்பப் பக்கத்தில் வந்தது இதுதான் என்பேன்.

குரலும் இசையும் போனால் ஒண்ணும் மிஞ்சாது என்று நினைத்தவர்களுக்கு மதுரையிலிருந்து ஒரு பதில் இருக்கு. 2020 ஜனவரியில் கலர்ஸ் தமிழில் ராதிகா நடத்திய 'கோடீஸ்வரி'யில் 1 கோடி ரூபாய் வென்ற கௌசல்யா கார்த்திகாவுக்குக் காது கேட்காது, வாய் பேசவும் வராது. அந்தப் படபடக்கும் இசை அவரை ஒண்ணும் செய்யவில்லை. கேள்வி, நாலு விடை, 15 படி. ஏறிப் போய்விட்டார்.